தெரபி உறைவிடப் பள்ளி: யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள்

பள்ளியில் இடம் கேட்டுப் போனால் மார்க் ஷீட்டைத்தான் முதலில் நீட்டுவோம். அதில் நல்ல எண்கள் இருந்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை, நமக்குப் பழகிய கணக்கு இதுதான். அமெரிக்காவில் இந்தக் கணக்கு செல்லாத ஒரு வகைப் பள்ளி உண்டு. தெரபியூட்டிக் போர்டிங் ஸ்கூல் என்பார்கள், நாம் தெரபி உறைவிடப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும் 16, 17 வயதுப் பிள்ளைகளில் பலர் இரண்டு மூன்று பாடங்களில் ஃபெயில் ஆனவர்கள், சிலர் மாதக்கணக்கில் வகுப்புப் பக்கமே போகாதவர்கள். அப்படியானால் யார் வந்தாலும் எடுத்துக்கொள்வார்களா என்றால், இல்லை. சேர்க்கை விதிகள் சாதாரணப் பள்ளியைவிடக் கறாரானவை, ஆனால் அந்தக் கறார் முழுக்க வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளை வளர்க்கும் நம் பெற்றோர் சிலருக்கு யாராவது ஒரு ஆலோசகர் இந்தப் பெயரைச் சொல்லி, அவர்கள் இரவோடு இரவாக விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் புரியாமல் உட்கார்ந்திருப்பது நடக்கிறது. அந்த நேரத்துக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பக்கம் சாதாரண உறைவிடப் பள்ளி: படிப்பு, விளையாட்டு, விடுதி, கொஞ்சம் கவுன்சலிங். இன்னொரு பக்கம் ரெசிடென்ஷியல் ட்ரீட்மென்ட் சென்டர் எனப்படும் தங்கிச் சிகிச்சை பெறும் மையம்: அங்கே சிகிச்சைதான் முதல், மனநல மருத்துவர், செவிலியர், இரவு முழுக்க விழித்திருக்கும் ஊழியர் எல்லாம் இருப்பார்கள், படிப்பு இரண்டாம்பட்சம். தெரபி உறைவிடப் பள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில். காலையில் வகுப்பு, வாரம் ஒன்றிரண்டு முறை தனியாகத் தெரபிஸ்ட்டுடன் பேச்சு, அதைத் தவிரக் குழுவாக உட்கார்ந்து பேசுவது, வாரம் ஒருமுறை பெற்றோருடன் போனிலோ வீடியோவிலோ குடும்பத் தெரபி. பெரும்பாலும் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தங்க வேண்டியிருக்கும். கதவைப் பூட்டி வைப்பதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதி விதிகளுக்குக் காரணம் அதுதான்.

சரி, 'திறமை இருந்தும் படிப்பில் பின்தங்கிய பிள்ளை' என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்? பின்தங்கியவர் என்பதற்கு மார்க் குறைவு என்பது மட்டும் பொருள் இல்லை, பிள்ளையால் முடிவதற்கும் பிள்ளை செய்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதனால் பள்ளி முதலில் கேட்பது சைக்கோ எஜுகேஷனல் டெஸ்டிங் அறிக்கை, அதுவும் பெரும்பாலும் கடந்த இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இதில் அறிவுத்திறன் சோதனை ஒன்று, எழுத்து, வாசிப்பு, கணக்கு இவற்றில் இப்போது எங்கே இருக்கிறார் என்று பார்க்கும் சோதனை ஒன்று, கவனம், மனநிலை பற்றிய கேள்வித்தாள்கள் எல்லாம் இருக்கும். அறிவுத்திறன் சோதனைகளில் சின்னப் பிள்ளைகளுக்கான விஸ்க் சோதனை 16 வயது 11 மாதத்தோடு முடிந்துவிடும், அதற்கு மேல் பெரியவர்களுக்கான வைஸ் சோதனைதான். அதனால் எட்டாம் வகுப்பில் எடுத்த பழைய அறிக்கையைக் கொண்டுபோனால் புதிதாக எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

இந்த அறிக்கையில் ஐ.க்யூ. எனப்படும் மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்கள்தான் அதிகம். சராசரி 100, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள், பல பள்ளிகள் சராசரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கும். ஆனால் சேர்க்கைக் குழுவில் விவரம் தெரிந்தவர் இருந்தால் அவர் கண் போவது உள்ளே இருக்கும் பிரிவு எண்களின் மேல். ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் புரிந்துகொள்வதில் 125, ஆனால் வேலையை வேகமாக முடிக்கும் பிரிவில் 84. இவன் வகுப்பில் வாயைத் திறந்தால் ஆசிரியரே அசந்துபோவார், பரீட்சைத் தாளில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்கும். பத்து வருடமாக அவனுக்குக் கிடைத்த பட்டம் 'சோம்பேறி'. 'மனசு வைத்தால் முடியும்' என்று கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் மனசு வைப்பதையே விட்டிருப்பான், ஏனென்றால் முயன்று தோற்பதைவிட முயலாமல் தோற்பது வலி குறைவு. மொத்த எண் 105 என்று மட்டும் பார்த்தால் இந்தப் பிள்ளை கண்ணிலேயே படமாட்டான்.

இதனால்தான் நல்ல பள்ளி எவ்வளவு மார்க் என்பதைவிட ஏன் அந்த மார்க் என்று துருவித் துருவிக் கேட்கும். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடா, கண்டுபிடிக்காமல் விட்ட வாசிப்புக் குறைபாடா, பதற்றத்தால் பள்ளி வாசலைத் தாண்ட முடியாத நிலையா, மனச்சோர்வா, வீட்டில் விவாகரத்தோ மரணமோ நடந்த வருடத்திலிருந்து சரிந்ததா, கஞ்சா புகைக்க ஆரம்பித்த பிறகா, விடிய விடிய கேம் ஆடுவதாலா. எல்லோருடைய மார்க் ஷீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், சிகிச்சை ஒன்றுபோல் இருக்காது. ஆறாம் வகுப்பு முதல் உள்ள மார்க் விவரத்தைக் கேட்பதும் இதற்காகத்தான். திடீரென்று ஒன்பதாம் வகுப்பில் விழுந்த கோடும், ஆரம்பத்திலிருந்தே மெல்லச் சரிந்த கோடும் வேறு வேறு கதை சொல்லும்.

அடுத்தது வயது. பெரிய பிள்ளைகள் விஷயத்தில் எனக்குத் தெரிந்து இதுதான் மிக முக்கியமான விதி, ஆனால் பெற்றோர் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது நிரம்பினால் சட்டப்படி பெரியவர். அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19. பிறந்தநாளுக்கு முந்தின நாள்வரை அப்பா அம்மா கையெழுத்துப் போட்டு பிள்ளையை அங்கே வைத்திருக்கலாம், மறுநாள் காலையில் அவனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் யாரும் தடுக்க முடியாது. அதோடு பள்ளிப் பதிவுகள், மருத்துவப் பதிவுகள் மேலான உரிமையும் அவனுக்குப் போய்விடும், தெரபியில் அவன் என்ன பேசினான் என்பதை அவன் கையெழுத்தில்லாமல் தெரபிஸ்ட் உங்களிடம் சொல்ல முடியாது. ஒன்றரை வருடத் திட்டத்தை வைத்திருக்கும் பள்ளிக்கு 17 வயது 8 மாதத்தில் ஒரு பிள்ளை வந்தால் அது எப்படிப்பட்ட சிக்கல் என்று பாருங்கள். அதனால் சில பள்ளிகள் பதினேழரைக்கு மேல் எடுப்பதே இல்லை. எடுக்கிற பள்ளிகள் பிள்ளையிடமே எழுத்தில் கேட்கும்: 18 ஆன பிறகும் இருந்து முடிப்பாயா, உன் பெற்றோரிடம் பேச எங்களுக்கு அனுமதி தருகிறாயா.

வயதோடு சேர்த்து கிரெடிட் கணக்கையும், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளின் கணக்கையும் போடுவார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்து டிப்ளமோ எனப்படும் சான்றிதழ் வாங்க நியூயார்க்கில் 22 கிரெடிட் வேண்டும், புளோரிடாவில் 24, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வருடத்துக்கு ஆறு ஏழு கிரெடிட் என்பது சாதாரண வேகம். 17 வயதுப் பெண் ஒருத்தியிடம் 9 கிரெடிட்தான் இருக்கிறது, அவளுக்கு இன்னும் 13 வேண்டும் என்றால், கோடை விடுமுறையையும் சேர்த்துப் படித்தாலும் ஒன்றரை வருடத்துக்குக் குறையாது. இதை முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டு, எந்தப் பாடங்களை முடிக்க முடியும், எந்த மாநிலத்தின் சான்றிதழ் கிடைக்கும், முடியாவிட்டால் அந்தச் சான்றிதழுக்கு ஈடான ஜி.இ.டி. தேர்வு எழுத வைப்பீர்களா என்று பேசாமல் சேர்க்கும் பள்ளியை நான் நம்பமாட்டேன். 19 வயதில் தெரபி எல்லாம் நன்றாக முடிந்து, கையில் டிப்ளமோ இல்லாமல் வீட்டுக்கு வரும் பிள்ளை மறுபடியும் அதே பள்ளத்தில்தான் நிற்பான். அப்புறம் ஒன்று, சிறப்புக் கல்விச் சட்டப்படி தகுதியுள்ள பிள்ளைகளுக்கு டிப்ளமோ வாங்காதவரை 21 வயதுவரையில் அரசுப் பள்ளி இலவசமாகக் கல்வி தர வேண்டிய கடமை உண்டு. 18 ஆனதும் கதவு மூடிவிட்டது என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது மறுபக்கம், யாரை எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும், பெற்றோருக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும், நம் பிள்ளையைக் குற்றவாளி மாதிரி வடிகட்டுகிறார்களே என்று தோன்றும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் கோபம் குறையும்.

தற்கொலை எண்ணம் இப்போது தீவிரமாக இருக்கிறது, அல்லது போன மாதம் முயன்று மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறார் என்றால் பெரும்பாலும் இப்போதைக்கு இல்லை என்பார்கள். முன்னே சொன்னேனே, பூட்டாத கதவு, மருத்துவமனை மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிக்க ஆள் இல்லாத விடுதி. அங்கே அந்தப் பிள்ளையைப் பாதுகாக்க முடியாது என்று ஒப்புக்கொள்வது நேர்மை. முதலில் மருத்துவமனையிலோ சிகிச்சை மையத்திலோ நிலைப்பட்டு, சில மாதம் அமைதியாகப் போன பிறகு அதே பள்ளி சேர்த்துக்கொள்ளலாம். எப்போதோ கையைக் கீறிக்கொண்ட வரலாறு இருந்தால் அதற்காக மட்டும் யாரும் தள்ளிவிடுவதில்லை, எப்போது கடைசியாக, எவ்வளவு ஆழமாக, பிறகு யாரிடமாவது சொன்னாளா என்று கேட்பார்கள். சாப்பிட மறுத்து எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் இதயத் துடிப்பையும் ரத்தத்தில் உப்புச் சத்துகளையும் பார்க்க மருத்துவர் பக்கத்தில் வேண்டும், அது பள்ளியால் ஆகாது. மாயக்குரல் கேட்பது போன்ற சைக்கோசிஸ் கட்டுப்பாட்டில் இல்லாதபோதும் அப்படித்தான். கஞ்சா, வேப்பிங் (இ-சிகரெட்) என்று இருந்தால் பெரும்பாலும் பேசலாம், ஓபியாய்டு மாதிரி உடம்பே பழகிப்போன போதை என்றால் முதலில் அதிலிருந்து மருத்துவக் கண்காணிப்பில் விடுவிக்க வேண்டும்.

வன்முறை, தீ வைப்பது, இன்னொரு பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல், இந்த மூன்றையும் கிட்டத்தட்ட எந்தப் பள்ளியும் ஏற்பதில்லை. இங்கே காரணம் மற்ற பிள்ளைகள். இந்தப் பள்ளிகளில் பாதி மருந்து குழுதான், தன்னைப் போலவே தடுமாறிய இன்னொரு பையன் 'நானும் அப்படித்தான் இருந்தேன்' என்று சொல்வது எந்தத் தெரபிஸ்ட் சொல்வதைவிடவும் உள்ளே போகும். அந்தக் குழுவில் பயம் நுழைந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்து மருந்து கெட்டுப்போகும். அதே காரணத்தால்தான் பதற்றத்தால் ஒடுங்கிக் கிடக்கும் பெண்ணையும் ஆத்திரத்தில் கதவை உடைக்கும் பையனையும் ஒரே கூரையின் கீழ் வைக்கத் தயங்குவார்கள். ஓடிப்போகும் பழக்கம் இருக்கிறதா என்ற கேள்வியும் இந்த வரிசையில் வரும், மலையும் காடுமாக இருக்கும் யூட்டா, மொன்டானா மாதிரி இடங்களில் பனிக்காலத்தில் இரவு ஒரு பிள்ளை வெளியே போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

இவ்வளவையும் வைத்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கை விதி என்பது உங்கள் பிள்ளையின் மேல் வந்த தீர்ப்பு கிடையாது, தன்னால் எது முடியாது என்று பள்ளி கொடுக்கும் வாக்குமூலம். 'உங்கள் மகனுக்கு நாங்கள் சரியான இடமில்லை, இந்த வகை இடத்தைப் பாருங்கள்' என்று பத்து நிமிடத்தில் சொன்ன பள்ளி உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. நான் பயப்படுவது யாரையும் மறுக்காத பள்ளிக்கு. போனில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அறிக்கை எதையும் படிக்காமல், ஒரே ஒரு இடம்தான் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

பிள்ளையின் சம்மதம் பற்றிப் பேச வேண்டும். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் முடிவே போதும் என்று பல இடங்கள் நினைக்கின்றன. 16, 17-க்கு மேல் அது நடக்காது, நடக்கவும் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கான பள்ளிகளில் நல்லவை, பிள்ளையைத் தனியே உட்காரவைத்து நேர்காணல் செய்யும், சில இடங்களில் ஒரு நாள் வந்து வகுப்பில் இருந்து பார்க்கச் சொல்வார்கள், ஏன் வர நினைக்கிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அதில் அழகான மொழியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 'எனக்கு வர விருப்பமில்லை, ஆனால் இப்படியே போனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும்' என்று எழுதினாலே போதும், அந்த 'ஆனால்' இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். முழு மனதோடு யாரும் வருவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேரெதிராக, கூலிக்கு ஆள் வைத்து விடியற்காலை பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் வழக்கமும் அந்த நாட்டில் உண்டு. டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் என்று பெயர். அப்படிப் போன பலர் பெரியவர்களான பிறகும் அந்த விடியற்காலையை மறக்க முடியாமல் பேசியிருக்கிறார்கள். ஓர் உயிர் போகும் ஆபத்து இருந்தால் அதற்கு ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் இருக்கின்றன. மார்க் குறைந்ததற்காகவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டதற்காகவும் 17 வயதுப் பிள்ளையை இப்படித் தூக்கிக்கொண்டு போவதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. உங்களுக்குப் பள்ளியே இதைப் பரிந்துரைத்தால், அது சம்மதத்தை எவ்வளவு மதிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் தகுதி விதி உண்டு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வாராந்திரக் குடும்பத் தெரபிக்கு வருவீர்களா, சில மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு விமானம் ஏறி வருவீர்களா, வீட்டில் குடியோ சண்டையோ இருந்தால் அதைப் பேசத் தயாரா என்று கேட்பார்கள். பிள்ளையைப் பழுது பார்க்க விட்டுவிட்டுப் போகிற இடமாக நினைத்தால் பல பள்ளிகள் மறுத்துவிடும், ஏனென்றால் அங்கே எவ்வளவு தேறினாலும் அவன் திரும்பி வரப்போவது அதே வீட்டுக்குத்தான். விவாகரத்து ஆனவர்கள் என்றால் நீதிமன்றத்தின் கஸ்டடி ஆணையைக் கேட்பார்கள், முடிவெடுக்கும் உரிமை இருவருக்கும் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். அதைத் தவிர, ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) அல்லது 504 திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்துதரும் வசதிகளின் திட்டம்) இருந்தால் அதன் நகல், இதுவரை பார்த்த தெரபிஸ்ட்டின் கடிதம், மருந்துப் பட்டியல், தடுப்பூசி விவரம், முன்பு எங்காவது தங்கிச் சிகிச்சை எடுத்திருந்தால் அங்கிருந்து கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கை. சில பள்ளிகள் முதலில் வேறொரு சிகிச்சைத் திட்டத்தை முடித்துவிட்டு வருகிறவர்களை மட்டுமே எடுக்கும், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். நம் குடும்பங்களில் இது பெரிய பிரச்சினை, மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் இடம் கிடைக்காதோ, போலீஸ் வந்த இரவை எழுதினால் எதிர்காலம் போய்விடுமோ என்ற பயம். அந்த இரவை அவர்கள் பிள்ளை உள்ளே வந்த மூன்றாம் வாரம் தெரிந்துகொண்டால், எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள், ஏற்கெனவே பலமுறை தள்ளப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு தள்ளல். அதே நேரம் கெட்ட நடத்தையை மட்டும் எழுதிவிட்டுப் படிப்புச் சிக்கலை எழுதாமல் விடுவதும் ஆபத்துதான். ஓரிகன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கவனக் குறைபாடு இருந்த ஒரு மாணவனுக்குச் சிறப்புக் கல்வித் தகுதி இல்லை என்று பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சொல்லிவிட்டது, பெற்றோர் 2003-இல் அவனை ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டு அந்தச் செலவை மாவட்டம் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஃபாரஸ்ட் குரோவ் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில், முன்பு அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்வி வாங்காத பிள்ளையின் பெற்றோரும் இப்படிக் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய வெற்றி. ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனபோது பணம் கிடைக்கவில்லை, 2011-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. முக்கியக் காரணங்களில் ஒன்று சேர்க்கைப் படிவம். ஏன் சேர்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு அப்பா எழுதியது நடத்தை, மனச்சோர்வு, போதைப் பழக்கம், வீட்டைவிட்டு ஓடியது ஆகியவை, படிப்புப் பிரச்சினை அதில் இல்லை. படிப்புக்காகச் சேர்க்கவில்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பொய் எழுதச் சொல்லவில்லை, முழு உண்மையை எழுதுங்கள், அதில் படிப்பும் உண்டு என்றுதான் சொல்கிறேன். மாவட்டத்திடம் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, இந்தத் துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞரையும் பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், ஒரு வருடத்தில் பல குடும்பங்களின் வருமானத்தையே தாண்டிவிடும், அதனால் எழுதாத சேர்க்கை விதி ஒன்று பணம்தான், இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். காப்பீடு சில சமயம் தெரபிக்கான பகுதியை மட்டும் கொடுக்கும், தங்கும் செலவையும் பள்ளிக் கட்டணத்தையும் பெரும்பாலும் கொடுக்காது. மருத்துவ ஆலோசனையின்பேரில் மனநலச் சிகிச்சையே முதன்மைக் காரணமாக இருந்தால் வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் போகும் மருத்துவச் செலவில் இதைச் சேர்த்து வரிக்கழிவு கேட்க வழியுண்டு, கணக்காளரைக் கேளுங்கள். பள்ளி தேடித்தரும் கல்வி ஆலோசகர்கள் தனியாகச் சில ஆயிரம் டாலர் வாங்குவார்கள், அவர்களிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பள்ளியிடமிருந்து உங்களுக்குப் பணமோ பரிசோ வருமா என்பது. வராது என்று எழுதித் தருபவர் மட்டும் போதும்.

உங்கள் பக்கமும் ஒரு சேர்க்கை விதிப் பட்டியல் வேண்டும், இந்தத் துறையின் கடந்த காலம் அப்படி. இந்த வகைப் பள்ளிகளின் ஆரம்பங்களில் ஒன்று 1967-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய செடு. அது போதை மீட்பு அமைப்பாக ஆரம்பித்து ஒரு வழிபாட்டுக் கூட்டமாகவே மாறிப்போன சினனான் என்ற இயக்கத்தின் முறைகளை எடுத்துக்கொண்டது, மணிக்கணக்கில் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து திட்டுவதைச் சிகிச்சை என்றார்கள். 2005-இல் மூடினார்கள், ஆனால் அதன் வழியில் வந்த இடங்கள் பல. 2007 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக ஆய்வு செய்யும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் இப்படிப்பட்ட தங்கும் திட்டங்களில் ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் இருப்பதாகச் சொன்னது, 2005-ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் கொடுமைச் சம்பவங்களில் தொடர்புடையவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். பதின்ம வயதில் யூட்டாவில் இப்படியோர் இடத்தில் தான் பட்டதைப் பற்றி தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் 2021-இல் அந்த மாநில சட்டமன்றக் குழு முன்பு சாட்சி சொன்ன பிறகு, அங்கே வருடத்துக்கு நான்கு முறை ஆய்வும், வாரம் ஒருமுறையாவது பிள்ளை குடும்பத்துடன் யாரும் ஒட்டுக்கேட்காமல் பேசும் உரிமையும் சட்டமானது. 2024 டிசம்பரில் மத்திய அளவில் ஒரு சட்டம் வந்தது, அது முதன்மையாக ஆய்வு நடத்தச் சொல்கிற சட்டம். நடைமுறையில் உரிமம் கொடுப்பதும் சோதிப்பதும் மாநிலங்கள் கையில்தான், மிசௌரியில் 2021 வரை மத அமைப்புகள் நடத்தும் விடுதிகள் தாங்கள் இருப்பதையே மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் பள்ளி உங்களிடம் கேட்கும் அளவுக்கு நீங்களும் கேளுங்கள். எந்த மாநிலத் துறை உரிமம் கொடுத்தது, கடைசி ஆய்வறிக்கையை எங்கே படிக்கலாம், தெரபிஸ்ட் உரிமம் பெற்றவரா, அவர் கையில் எத்தனை பிள்ளைகள், பிள்ளையைப் பிடித்து அடக்குவது அல்லது தனியறையில் வைப்பது உண்டா, போன வருடம் எத்தனை முறை நடந்தது, மருந்தை மாற்றினால் முன்கூட்டிச் சொல்வீர்களா. 'முதல் ஒரு மாதம் பிள்ளையிடம் பேச முடியாது, குறை சொன்னால் நம்பாதீர்கள், உங்களை ஏமாற்றப் பார்ப்பான்' என்று சொல்லிவைக்கும் இடமாக இருந்தால் வேறெதையும் கேட்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்து, சரி என்று தோன்றி, நேர்காணல் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கடைசி பத்து நிமிடம் உங்கள் பிள்ளையுடையது. நீங்கள் அறைக்கு வெளியே போய்விடுங்கள், முடிந்தால் அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு மாணவரோடு ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேசவிடச் சொல்லுங்கள், அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். முந்தின இரவே பிள்ளையோடு உட்கார்ந்து அவன் கேட்க நினைப்பதை அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். பெரும்பாலும் அதில் முதல் வரி படிப்பைப் பற்றி இருக்காது, வீட்டுக்கு எப்போது போன் பண்ணலாம், எவ்வளவு நேரம், பேசும்போது அறையில் வேறு யார் இருப்பார்கள் என்றுதான் இருக்கும்.